மலாய்க் கட்டுரையைத் தமிழில் தொடங்குவோம்

தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, தைப்பூசத்தைப் பற்றித் தமிழில் எழுதச் சொல்லிப் பாருங்கள். ஈப்போவில் புந்தோங்கிலிருந்து கல்லுமலைக் கோயிலுக்கு நடந்தது, காவடி எடுத்த மாமாவின் முதுகில் பாட்டி திருநீறு பூசியது, தண்ணீர்ப் பந்தலில் வாங்கிக் குடித்த மோர், தார்ச்சாலையில் கால் சுட்டது, கூட்டத்தில் தம்பி காணாமல் போய்க் கிடைத்தது என்று ஒன்றரைப் பக்கம் வந்துவிடும். அதே பிள்ளையிடம் அதே தைப்பூசத்தை மலாயில் எழுதச் சொல்லுங்கள். நான் கோயிலுக்குப் போனேன், கோயில் பெரியது, கூட்டம் அதிகம், நான் மகிழ்ச்சி அடைந்தேன், பிறகு வீடு திரும்பினேன். ஐந்து வாக்கியத்தோடு பேனா நின்றுவிடும்.

மோர் எங்கே போனது? தம்பி எங்கே போனான்? தாளைத் திருத்துகிற நாம் அதைக் கேட்பதில்லை. "கருத்து போதவில்லை" என்று சிவப்பு மையில் எழுதிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுகிறோம். கருத்தெல்லாம் அந்தப் பிள்ளையிடம் இருக்கிறது. அது தமிழில் இருக்கிறது. மலாய் வகுப்புக்குள் வரும்போது அந்தத் தமிழை வெளியே வைத்துவிட்டு வா என்று நாம்தான் பழக்கியிருக்கிறோம்.

ஈப்போவில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் மலாய்க் கட்டுரை சொல்லித்தருகிறவள் நான். மலேசியாவிலேயே அதிகமான தமிழ்ப்பள்ளிகள் இருப்பது எங்கள் பேராக் மாநிலத்தில்தான், 130-க்கும் மேல். ஆகவே, இரண்டாம் மொழியில் எழுத்து கற்றுத்தருவது எப்படி என்பது எங்கோ பல்கலைக்கழகத்தில் அலசும் கேள்வி இல்லை எங்களுக்கு. அது இங்கே ஒவ்வொரு வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் விரித்து வைத்திருக்கும் பயிற்சி நோட்டு. இத்தனை காலம் கற்பித்து, படித்து, சக ஆசிரியர்களோடு பேசி நான் வந்து சேர்ந்திருக்கும் இடத்தை இந்தப் பதிவில் எழுதிவிட நினைக்கிறேன். பிள்ளையின் மலாய்க் கட்டுரையைத் தமிழில் தொடங்க விடுங்கள். நான் சொல்ல வருவது அவ்வளவுதான். ஏன், எப்படி என்பதைத்தான் விளக்க வேண்டும்.

பேச்சு இருந்தால் எழுத்து வந்துவிடுமா?

என்னிடம் வரும் பிள்ளைகளில் இரண்டு வகை உண்டு. ஈப்போ நகரத்துப் பிள்ளைகளுக்குக் கடையிலும் பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையிலும் மலாய் பேசிப் பழக்கம். சுங்கை சிப்புட், பத்து காஜா பக்கத்துப் பழைய தோட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்கு வீட்டில் தமிழ், அக்கம்பக்கத்தில் தமிழ், பள்ளியிலும் பெரும்பாலும் தமிழ். மலாய்ப் பாடவேளையில் மட்டும்தான் மலாய்.

நகரத்துப் பிள்ளைக்குச் சிக்கல் இருக்காது என்று பெற்றோர் நினைக்கிறார்கள். தாளில் பார்த்தால் அப்படித் தெரிவதில்லை. கடைத்தெரு மலாய் வேறு, ஏட்டு மலாய் வேறு. 'சாயா பூஞா ரூமா' (என் வீடு) என்று பேசிக் காரியத்தை முடித்துக்கொள்ளலாம். எழுத்தில் அது 'ரூமா சாயா' ஆக வேண்டும். பேச்சில் யாரும் கண்டுகொள்ளாத மெ-, பெர்-, -கான், -ஈ போன்ற ஒட்டுகளெல்லாம் எழுத்தில் கட்டாயம். பேசிப் பழகிய பிள்ளை தைரியமாக நிறைய எழுதும், நிறைய தவறும். தோட்டத்துப் பிள்ளை பயந்து பயந்து கொஞ்சமாக எழுதும். இரண்டு பேருக்கும் எழுத்து என்பது புதிதாகக் கற்க வேண்டிய தனி வித்தைதான்.

இது தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் வாய்த்த பாடும் இல்லை. நம் மாநிலத்தின் தென்கோடியில், தஞ்சோங் மாலிமில், 1922-இல் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி தொடங்கியது. 1924-இல் அங்கே வந்து சேர்ந்தவர் ஸாபா என்று நாடே அறிந்த மொழியறிஞர் ஸைனால் அபிடின் அகமட். அவர் எழுதிய 'இல்மு மெங்காராங் மெலாயு' 1934-இல் வெளிவந்தது. மலாயில் எழுதுவது எப்படி என்று சொல்லித்தரும் நூல் அது. மலாயைத் தாய்ப்பாலோடு குடித்து வளர்ந்தவர்களுக்கே எழுத்தை எடுத்துச் சொல்லித்தர ஒரு நூல் வேண்டியிருந்தது என்றால், அதை ஏழு வயதில் வகுப்பறையில் சந்திக்கும் பிள்ளைக்கு எவ்வளவு பொறுமையான கை வேண்டும்! அந்தக் கல்லூரிதான் இன்று சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகம். தமிழாசிரியர்களும் இன்று அங்கே பயின்று வருகிறார்கள்.

தோட்டத்துப் பள்ளியில் எழுத்து

நம் பிள்ளைகளின் தயக்கத்துக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டங்களில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பள்ளிகள் வந்தன. பல இடங்களில் ஒரே கொட்டகை, ஒரே வாத்தியார். எழுத்தரான கிராணியோ கங்காணியோ வாத்தியாராக நின்ற தோட்டங்களும் உண்டு. தமிழ் எழுத்தும் கொஞ்சம் கணக்கும் தெரிந்தால் போதும், பிறகு உளியும் வாளியும் காத்திருக்கும். தோட்டத்தில் எழுத்து என்றால் அது கிராணியின் வேலை. பெரட்டில், அதாவது விடியற்காலை ஆள்கணக்கெடுப்பில், பெயரைக் குறிப்பவர் அவர். ஊருக்குக் கடிதம் போட வேண்டுமென்றால் அவரிடமோ வாத்தியாரிடமோ போய் நிற்க வேண்டும். எழுதுகிறவர் வேறு, எழுதப்படுகிறவர் வேறு என்ற பிரிவு நம் லயங்களில் இரண்டு மூன்று தலைமுறை நிலைத்திருந்தது.

1956-இல் ரசாக் அறிக்கை, 1957-இல் கல்விச் சட்டம். தமிழ்ப்பள்ளிகள் தேசியக் கல்வி முறைக்குள் வந்தன. மலாய் கட்டாயப் பாடமாயிற்று. ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் தமிழ், சீனப் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் புகுமுக வகுப்பு என்று ஓர் ஆண்டு வைத்தார்கள். மலாயில் தேறிய பிள்ளை நேரே படிவம் ஒன்றுக்குப் போகும். தேறாத பிள்ளை ஓர் ஆண்டு புகுமுக வகுப்பில் இருந்துவிட்டுப் போகும். நம் குடும்பங்களில் அந்த ஓர் ஆண்டு வெறும் ஓர் ஆண்டாக இருந்ததில்லை. தன்னோடு படித்தவர்கள் ஒரு படி மேலே போய்விட்டார்கள் என்ற கூச்சத்தில் பள்ளியையே விட்ட பையன்களை ஈப்போவைச் சுற்றியுள்ள எந்தத் தாமானிலும் கேட்டுப் பாருங்கள், யாராவது ஒருவர் இருப்பார். ஆகவே மலாயில் எழுதத் தெரிவது நமக்கு வெறும் மதிப்பெண் விவகாரமாக இருந்ததே இல்லை.

மனப்பாடம் எங்கே நிற்க வேண்டும்

பிள்ளை புகுமுக வகுப்பில் தங்கிவிடுமோ என்ற அச்சத்திலிருந்துதான் மாதிரிக் கட்டுரை வழி பிறந்தது. 1988 முதல் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நடந்த யூபிஎஸ்ஆர் தேர்வில் மலாய் எழுத்துத் தாள் என்றாலே படம் பார்த்து ஐந்து வாக்கியம். பிறகு கட்டுரை. சந்தை, கோத்தோங் ரோயோங் (கூட்டுப்பணி), விளையாட்டுப் போட்டி, பூங்கா என்று வரக்கூடிய படங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆசிரியர்கள் வாக்கியங்களை எழுதிப் போட்டார்கள், பிள்ளைகள் மனனம் செய்தார்கள். 'பாடா சுவாத்து ஹாரி' (ஒரு நாள்) என்று தொடங்கி, நடுவில் ஒரு பழமொழியைச் செருகி, மகிழ்ச்சியோடு வீடு திரும்பும் கட்டுரை தயாரானது. 2021-இல் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். தேர்வு போனது, பழக்கம் போகவில்லை. இன்றும் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது, "டீச்சர், நல்ல நோட்ஸ் இருந்தா கொடுங்களேன்."

மனப்பாடத்தை நான் பழிக்க மாட்டேன். நம் பிள்ளைகள் திருக்குறளையும் ஆத்திசூடியையும் மனப்பாடத்தில்தான் சுமந்து வந்தார்கள். நல்ல மலாய் வாக்கியங்கள் சிலவற்றை வாய்விட்டுச் சொல்லிப் பழகினால் அந்த மொழியின் ஓட்டம் நாக்கில் படியும். அது நல்ல உரம். ஆனால் முழுக் கட்டுரையையும் மனப்பாடம் செய்த பிள்ளை, தலைப்பு கொஞ்சம் மாறினாலும் திகைத்து நின்றுவிடும். படிவம் மூன்றில் வரலாற்றுக் கேள்விக்கு விடை எழுதும்போது எந்த மாதிரிக் கட்டுரை கைகொடுக்கும்? சொந்தமாக ஒரு காரணம் சொல்லி, அதை விளக்கி, எடுத்துக்காட்டு தர வேண்டிய இடத்தில்தான் நம் பிள்ளைகள் விழுகிறார்கள். நன்றாகத் தமிழ் எழுதிய பிள்ளைகளும் அங்கே விழுவதுதான் எனக்குத் தாங்காத வருத்தம்.

உலகத்தில் என்ன சொல்கிறார்கள்

இரண்டாம் மொழியில் எழுதக் கற்பிப்பதில் பெரிய பெரிய வாதங்கள் நடந்திருக்கின்றன. நமக்கு உதவும் அளவுக்கு அவற்றைச் சொல்கிறேன்.

பழைய வழி, மாதிரியைக் கொடுத்துப் பார்த்து எழுதச் சொல்வது. பிழை வராமல் காப்பதே அதன் நோக்கம். எழுபதுகளில் இதற்கு எதிர்க்குரல் எழுந்தது. எழுத்தைத் தாளில் முடிந்த பொருளாகப் பார்க்காமல், எழுதுகிறவர் என்ன செய்கிறார் என்று கவனிக்கத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் ஜேனட் எமிக் 1971-இல் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதும் விதத்தை ஆராய்ந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் விவியன் ஸமேல், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கொண்ட மாணவர்களிடம் அதையே பார்த்தார். தேர்ந்தவர்கள் எழுத எழுதத்தான் சொல்ல வந்ததைக் கண்டடைகிறார்கள், திரும்பத் திரும்பப் பின்னால் போய் மாற்றுகிறார்கள் என்பது தெரிந்தது. யோசி, எழுது, திரும்பப் படி, மாற்று, கடைசியில் பிழை பார் என்ற வழி இப்படித்தான் வகுப்பறைக்கு வந்தது.

அதற்கும் ஓர் எதிர்க்குரல் வந்தது. சிட்னியில் ஜிம் மார்ட்டினும் ஜோன் ராத்தரியும் ஏழைகள், குடியேறிகள் வாழும் பகுதிப் பள்ளிகளைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்கள். "உனக்குத் தோன்றியதை எழுது" என்று விட்டால், வீட்டில் புத்தகம் இருக்கும் பிள்ளைக்கு அறிக்கையும் விளக்கமும் எப்படி அமையும் என்று தெரிந்திருக்கும். மற்ற பிள்ளைக்கு யார் சொல்லித்தருவது? அமெரிக்காவில் லிசா டெல்பிட் 1988-இல் கறுப்பினப் பிள்ளைகளுக்காக இதே நியாயத்தைப் பேசினார். அதிகாரம் உள்ளவர்கள் பயன்படுத்தும் மொழிநடையின் விதிகளை வெளிப்படையாகச் சொல்லித்தராமல் இருப்பது, அந்த விதிகளை ஏற்கெனவே அறிந்தவர்களுக்குச் செய்யும் சலுகை என்றார். இதைப் படித்தபோது எனக்கு நம் தோட்டத்து வீடுகள்தான் நினைவுக்கு வந்தன. அதிகாரப்பூர்வக் கடிதம் எப்படித் தொடங்கும் என்பது லயத்துப் பிள்ளைக்குத் தானாக எங்கிருந்து தெரியும்? ஆசிரியர் காட்டித்தர வேண்டும். சிட்னிக்காரர்கள் வகுத்த முறை எளிமையானது: நல்ல மாதிரி ஒன்றைப் பிரித்துப் பார், ஆசிரியரும் வகுப்பும் சேர்ந்து ஒன்றை எழுது, பிறகு தனியாக எழுது.

இந்த இரண்டு வழியும் நமக்கு வேண்டும். ஆனால் இரண்டிலும் நம் பிள்ளைகளுக்கான முதல் படி விடுபட்டிருக்கிறது. அதை 1979-இல் கனடாவில் ஜிம் கம்மின்ஸ் சொன்னார். ஒரு பிள்ளை தன் முதல் மொழியில் வளர்த்துக்கொண்ட சிந்தனையும் வாசிப்பும் எழுத்தும் அந்த மொழியோடு நின்றுவிடுவதில்லை, இரண்டாம் மொழிக்கும் வந்து சேரும் என்றார். மொழிகள் மேலே தனித்தனியாகத் தெரிந்தாலும் அடியில் ஒரே திறன்தான் இரண்டையும் தாங்குகிறது.

இதற்குச் சான்று நம் தமிழ்ப் பாடத்திலேயே இருக்கிறது. தன்கதை, உறவுக் கடிதம், அதிகாரப்பூர்வக் கடிதம், நேர்காணல், நாட்குறிப்பு, அறிக்கை, வாதக் கட்டுரை, கருத்து விளக்கக் கட்டுரை. இவையெல்லாம் நம் பிள்ளைகள் தமிழில் பழகும் வடிவங்கள். மலாயிலும் ஏறத்தாழ இவையேதான். தமிழில் வாதக் கட்டுரையில் தன் நிலையைச் சொல்லி, மூன்று காரணம் அடுக்கி, எதிர்வாதத்தை மறுத்து முடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு மலாயில் பாதி வேலை முடிந்துவிட்டது. அது முடிந்துவிட்டது என்று அந்தப் பிள்ளையிடம் யாரும் சொல்வதில்லை. தமிழாசிரியர் ஒரு பக்கம், மலாய் ஆசிரியர் மறுபக்கம், நடுவில் பிள்ளை எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்குகிறது.

வகுப்பில் இதைச் செய்யும் விதம்

ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். புந்தோங் என்றால் கச்சாங் பூத்தே. எட்டயபுரத்திலிருந்து வந்த குடும்பங்கள் தொடங்கிய தொழில், இன்று ஈப்போவின் அடையாளம். முறுக்கும் பக்கோடாவும் வறுத்த கடலையும் எப்படித் தயாராகின்றன என்பது என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்குப் பார்த்தே தெரியும். அதையே தலைப்பாக வைக்கிறேன். செய்முறை விளக்கம்.

முதல் வகுப்பில் நோட்டைத் திறக்கவே விடுவதில்லை. பேச்சுதான், அதுவும் தமிழில். யார் வீட்டில் யார் சுடுவார்கள், மாவில் முதலில் என்ன போட வேண்டும், எண்ணெய் காய்ந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்று சண்டை வரும் அளவுக்குப் பேசுவார்கள். அதை வரிசைப்படுத்திப் பலகையில் ஒற்றைச் சொற்களாகக் குறிக்கிறேன். வாக்கியமாக எழுதுவதில்லை. இது முக்கியம், பின்னால் காரணம் சொல்கிறேன்.

பிறகு பிள்ளைகள் தங்களுக்கு வேண்டிய மலாய்ச் சொற்களை என்னிடம் கேட்பார்கள். பிசைவதற்கு என்ன, பிழிவதற்கு என்ன, மொறுமொறு என்பதற்கு என்ன? நியூசிலாந்தில் மவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வார்னர், குழந்தை தானே ஆசைப்பட்டுக் கேட்கும் சொல்லைத்தான் முதலில் கொடுப்பார். 1963-இல் வந்த தன் நூலில் அதை விரிவாக எழுதியிருக்கிறார். நான் கொடுக்கும் பட்டியலிலிருந்து மனனம் செய்த சொல் மறந்துபோகும். மாவு பிழிய வேண்டும் என்பதற்காகக் கேட்டு வாங்கிய சொல் மறக்காது.

மூன்றாவதாக, சேர்ந்து எழுதுகிறோம். சுண்ணக்கட்டி என் கையில், வாக்கியம் அவர்கள் வாயில். இங்கேதான் இலக்கணம் தன் இடத்தில் வந்து உட்காருகிறது. செய்முறையில் வினைச்சொல் வெறுமனே 'கோரெங்' என்று நிற்கும், கட்டளையாக. "அம்மா பொரித்தார்" என்று கதையாகச் சொன்னால் அது 'மெங்கோரெங்' ஆகும். முன்னொட்டு விதியைத் தனியாக எழுதிப் போட்டு விளங்கவைக்க முயன்றால் கண் சொக்கும் பிள்ளை, இரண்டு வகை எழுத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தானே கேட்கிறது, "டீச்சர், இங்க மட்டும் ஏன் மெ இல்ல?" அந்தக் கேள்வி வந்த பிறகு சொல்லித்தருவதுதான் பாடம்.

நான்காவதாக, தனியாக எழுதுவார்கள். ஐந்தாவதாக, அடுத்த வாரம் அதையே திரும்ப எடுத்து மாற்றி எழுதுவார்கள். திரும்ப எழுதுவது தண்டனையாகத் தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். "இதில் உனக்குப் பிடித்த வாக்கியம் எது? எதை இன்னும் சொல்லலாம்?" என்று கேட்டுவிட்டுத்தான் நோட்டைக் கொடுப்பேன்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேறு தலைப்பு. பாட்டியிடம் போய் பால்மரம் வெட்டிய கதையைக் கேட்டு வரச் சொல்வேன். இந்தப் பிள்ளைகள் செம்பனையைத்தான் பார்த்திருக்கிறார்கள், ரப்பரைப் பார்த்தது குறைவு. பல தோட்டங்கள் தாமான்களாகிவிட்டன, பள்ளிப் பெயரில் மட்டும் 'லாடாங்' (தோட்டம்) ஒட்டிக்கொண்டிருக்கிறது. பாட்டி சொல்வது முழுக்கத் தமிழில் இருக்கும்: விடியலுக்கு முன் பெரட்டு, நிரைக்குப் போய்க் கோடு போட்டு, மங்கு துடைத்து, காண்டாவில் பால் சுமந்து, கடைசியில் ஒட்டுப்பாலும் பொறுக்கி. ஒரு பையன் பாட்டியிடம் கேட்டு வந்தது இது: மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை. அதை மலாயில் எழுத அவனுக்கு 'ஜிக்கா' வேண்டியிருந்தது. "பெய்தால்" என்ற நிபந்தனையைச் சொல்லாமல் அந்த வாழ்க்கையைச் சொல்ல முடியாது. அன்று வகுப்பு முழுவதும் 'ஜிக்கா' வைத்து வாக்கியம் அமைக்கக் கற்றுக்கொண்டது. பயிற்சி நூலில் அதே 'ஜிக்கா' பல தடவை வந்து போயிருக்கிறது, யாரும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை.

"தமிழில் யோசித்தால் மலாய் கெட்டுவிடாதா?"

ஆசிரியர்களும் பெற்றோரும் கேட்கும் நியாயமான கேள்வி. தமிழில் வினை கடைசியில் வரும், மலாயில் நடுவில். தமிழில் "பெரிய வீடு", மலாயில் 'ரூமா பெசார்'. தமிழ் வாக்கியத்தை அப்படியே தூக்கி வைத்தால் 'பெசார் ரூமா' என்றுதான் வரும்.

அதனால்தான் பலகையில் தமிழ் வாக்கியம் எழுதுவதில்லை என்றேன். தமிழில் செய்ய வேண்டியது நினைவுகூர்வது, தேர்ந்தெடுப்பது, வரிசைப்படுத்துவது, காரணம் தேடுவது. வாக்கியம் பிறக்க வேண்டியது மலாயில்தான். தமிழில் ஒரு முழுக் கட்டுரையை எழுதிவிட்டு அதை வரிக்கு வரி மலாயாக்கச் சொல்வது வேறு, அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். குறிப்பு தமிழில், வாக்கியம் மலாயில். இந்தக் கோட்டைத் தெளிவாகப் போட்டுவிட்டால் குழப்பம் வராது.

தமிழ்ப்பள்ளியில் மலாய் கற்பிக்கும் மலாய்க்கார ஆசிரியர்கள் பலர் இருக்கிறார்கள். "எனக்குத் தமிழ் தெரியாதே" என்று அவர்கள் தயங்க வேண்டியதில்லை. எழுதத் தொடங்குமுன் ஐந்து நிமிடம், இரண்டிரண்டு பேராகத் தமிழில் பேசிக்கொள்ள அனுமதித்தால் போதும். ஆசிரியருக்குப் புரிய வேண்டும் என்றில்லை. பிள்ளைகளுக்குப் புரிந்தால் போதும். அதற்குப் பின் தாளில் வரும் மலாயில் அந்த ஐந்து நிமிடத்தின் பலன் தெரியும்.

சிவப்பு மை

பிழை திருத்துவது பற்றியும் பெரிய சண்டை நடந்திருக்கிறது. 1996-இல் ஜான் டிரஸ்காட், இரண்டாம் மொழி எழுத்தில் இலக்கணப் பிழைகளைத் திருத்துவதால் பயனில்லை, கைவிட்டுவிடுங்கள் என்று எழுதினார். டேனா ஃபெரிஸ் 1999-இல் அதை மறுத்தார். பின்னர் நியூசிலாந்தில் ஜான் பிச்சனர் போன்றவர்கள் ஒன்றிரண்டு பிழை வகைகளை மட்டும் குறிவைத்துத் திருத்தினால் பலன் கிடைப்பதைக் காட்டினார்கள்.

என் அனுபவமும் அதையேதான் சொல்கிறது. தாள் முழுக்கச் சிவந்திருந்தால் பிள்ளை ஒன்றைத்தான் கற்றுக்கொள்ளும்: குறைவாக எழுதினால் குறைவாகத் திட்டு விழும். ஐந்து வாக்கியத்தோடு பேனா நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே ஒரு கட்டுரைக்கு ஒரு குறி. இந்த வாரம் முன்னொட்டு மட்டும். அடுத்த வாரம் பெயரும் அடைமொழியும் வரிசை மாறாமல் வருவது மட்டும். மற்றதைக் கண்ணில் பட்டாலும் விட்டுவிடுகிறேன். பெற்றோருக்கு இது முதலில் பிடிக்காது, "டீச்சர், இங்க பிழை இருக்கு, நீங்க பாக்கலையே" என்பார்கள். பொறுமையாக விளக்கினால் ஏற்றுக்கொள்கிறார்கள்.

வாசிப்பு இல்லாத எழுத்து

எழுத்து எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு ஃபீஜித் தீவிலிருந்து ஒரு விடை இருக்கிறது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வழிவந்தவர்கள் வாழும் நாடு அது, நம் கதைக்கு உறவுக் கதை. 1980-இல் வார்விக் எல்லியும் பிரான்சிஸ் மங்குபாயும் அங்கே கிராமப்புறப் பள்ளிகளின் நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்கு ஆங்கிலக் கதைப் புத்தகங்களை அள்ளிக் கொடுத்தார்கள், வகுப்புக்கு 250 படக்கதை நூல்கள். பிள்ளைகளுக்கு ஆங்கிலம் இரண்டாம் மொழி. வழக்கமான பயிற்சிப் பாடத்தோடு நின்ற வகுப்புகளைவிடக் கதை படித்த வகுப்புகள் வாசிப்பில் முன்னேறின. இரண்டாம் ஆண்டில் அந்த முன்னேற்றம் எழுத்துக்கும் பரவியிருந்தது.

நம் வீடுகளில் மலாய்ப் பயிற்சி நூல் அடுக்கடுக்காக இருக்கிறது. மலாய்க் கதைப் புத்தகம் எத்தனை இருக்கிறது? பிள்ளை ரசித்துப் படித்த ஒரு மலாய்க் கதையின் பெயரைச் சொல்ல முடியுமா? பயிற்சி நூல் வாங்கும் பணத்தில் பாதியைக் கதைப் புத்தகத்துக்கு ஒதுக்குங்கள் என்று நான் பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்பது இதனால்தான்.

யாருக்காக எழுதுவது

எழுதுகிறவருக்குப் படிக்க ஒருவர் வேண்டும். நம் நாட்டுத் தமிழ் எழுத்து வளர்ந்ததே அப்படித்தான். 1950-51-இல் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்தினார்கள். நாளிதழில் பாடம், வாசகர்கள் எழுதி அனுப்பும் பயிற்சி, அதற்கு மதிப்பீடு. கோ. சாரங்கபாணியின் தமிழ் முரசில் மாணவர் மணிமன்றம் மாணவர்களுக்கு எழுத இடம் கொடுத்தது. அங்கே எழுதிப் பழகியவர்கள் பலர் பிற்காலத்தில் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர்களானார்கள். எழுதியதை ஒருவர் பொறுப்பாகப் படிக்கிறார் என்ற உறுதி அவர்களை எழுத வைத்தது.

மலாய்க் கட்டுரைக்கு நம் பிள்ளைகளுக்கு இருக்கும் ஒரே வாசகர் திருத்துகிறவர். இதை மாற்றுவது கடினமில்லை. பக்கத்து மலாய்ப் பள்ளி வகுப்புக்குக் கடிதம் எழுதலாம். நகராண்மைக் கழகத்துக்கு, பள்ளி வாசலில் வேகத்தடை வேண்டுமென்று உண்மையான மனு எழுதலாம். கச்சாங் பூத்தே செய்முறையை மலாய்க்கார அண்டை வீட்டாருக்குக் கொடுக்கலாம். 150 பிள்ளைகளுக்கும் குறைவான சிறிய பள்ளிகளுக்கு இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் எளிய மலாயில் கதை எழுதி, படம் வரைந்து, இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டட்டும். அண்ணனும் தங்கையும் போலப் பழகும் அந்தப் பள்ளிகளில் இது நாளைக்கே நடக்கக்கூடிய காரியம்.

நான் கேட்பது

தமிழ்ப்பள்ளியில் படித்தால் மலாய் வராது என்று சொல்கிறவர்கள் இந்த நாட்டில் இருக்கிறார்கள். தமிழ், சீனப் பள்ளிகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று நீதிமன்றம் வரை போனார்கள். 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஏற்கவில்லை. சட்டத்தின் பதில் கிடைத்துவிட்டது. வகுப்பறையின் பதிலை நாம்தான் தர வேண்டும். தமிழில் நன்றாகச் சிந்தித்து, மலாயில் நன்றாக எழுதும் பிள்ளைகளே அந்தப் பதில்.

அதற்குத் தலைமையாசிரியர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பணம் செலவாகாது, மேலிடத்து அனுமதியும் வேண்டாம். தமிழாசிரியரையும் மலாய் ஆசிரியரையும் வாரத்தில் பத்து நிமிடம் ஒன்றாக உட்கார வையுங்கள். இந்த வாரம் தமிழில் நேர்காணல் என்றால் அடுத்த வாரம் மலாயில் நேர்காணல். தமிழில் அறிக்கை என்றால் மலாயிலும் அறிக்கை. தமிழ் வகுப்பில் திரட்டிய கருத்தும் வடிவமும் மலாய் வகுப்பில் அப்படியே கைக்கு வரும். மலாய் ஆசிரியர் தன் நேரத்தை மொழிக்கு மட்டும் செலவிடலாம்.

பெற்றோருக்கு இதைவிட எளிய வேலை. பிள்ளை மலாய்க் கட்டுரை எழுத உட்காரும்போது "நோட்ஸ் பார்த்தியா" என்று கேட்காதீர்கள். தலைப்பு என்ன என்று கேளுங்கள். தமிழில் கதையாகச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். ஏன், எப்படி, அப்புறம் என்ன என்று இரண்டு கேள்வி போடுங்கள். உங்களுக்கு மலாய் எழுத வராவிட்டாலும் பரவாயில்லை, பள்ளிக்கூடம் போகாத பாட்டியாலும் இந்த உதவியைச் செய்ய முடியும். இந்த வாரமே ஒரு தலைப்பில் செய்து பாருங்கள். ஐந்து வாக்கியம் ஏழாகும், பிறகு பத்தாகும். கூடுதலாக வரும் ஒவ்வொரு வாக்கியமும் அந்தப் பிள்ளையின் சொந்த வாக்கியமாக இருக்கும்.